மங்கலாய் விரிந்த வாணம்

ஆகாயத்தில் வெடிக்கிற வாணத்தைப் படம் எடுக்கக் கண் தேவையில்லை, காது போதும் என்று என் மனுசன் சொல்லுவார். ஸ்டூடியோவுக்கு வருகிற இளவட்டங்கள் அதைக் கேட்டுவிட்டு ஏதோ பெரிய ஞானம் கிடைத்ததுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் பெயர் பாறூக், என் பெயர் ஸுல்பிகா. புத்தளம் டவுனில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. கலியாணம், பொடியன்மாரின் கத்னாச் சடங்கு, பாஸ்போட் படம், அடையாள அட்டைப் படம், எது வந்தாலும் எடுப்போம். இரண்டு பேருடைய குடும்பங்களும் முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவை. நான் அப்போது சின்னப் பிள்ளை. அவருக்கு மீசை அரும்பியிருந்தது. ஷெல் அடிக்கிற சத்தம் அவர் காதில் அப்படியே பதிந்துபோய்விட்டது. முதலில் தூரத்தில் ‘தும்’ என்று ஒரு சத்தம் வரும். கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அது எங்கே விழப்போகிறதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். யுத்தம் முடிந்த பிறகு கலியாணத்துக்கும் கடைத் திறப்புக்கும் ஆட்கள் வாணம் விடத் தொடங்கினார்களே, அதற்கும் அதே ‘தும்’தான். மற்றவர்கள் வெளிச்சத்தைக் கண்ட பிறகு பட்டனை அமத்துவார்கள். அதற்குள் பாதி நெருப்பு உதிர்ந்திருக்கும். இவர் ‘தும்’ என்ற உடனே ஷட்டரைத் திறந்துவிடுவார். வாணம் மேலே போய், வெடித்து, விரிந்து, சொரிந்து முடிகிற வரைக்கும் கெமரா கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதில் எனக்கும் ஒரு வேலை உண்டு. ஷட்டர் திறந்தபடி இருக்கும்போது, ஒரு வாணத்துக்கும் அடுத்த வாணத்துக்கும் நடுவில் லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்பு மட்டையைப் பிடிப்பேன். அடுத்த ‘தும்’ கேட்டதும் எடுப்பேன். இப்படி மூடித் திறந்தால் மூன்று நான்கு வாணங்கள் ஒரே படத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் விரியும். நேரத்தை நாங்கள் மணிக்கூட்டில் பார்ப்பதில்லை. ஒரு ஸுப்ஹானல்லாஹ் என்றால் ஒரு செக்கன். “மூணு ஸுப்ஹானல்லா சொல்லிப்போட்டு மூடு” என்பார். இதைக் கேள்விப்பட்ட எங்கள் பள்ளிவாசல் ஹஸரத், “படம் புடிக்கிறதுக்கும் தஸ்பீஹா?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

போன வருசம் கற்பிட்டியில், கடல் உள்வாங்கிக் கிடக்கிற களப்புக் கரையோரமாக ஒரு முதலாளி வீட்டில் கலியாணம். மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேர்ந்ததும் வாணம் விட்டார்கள். அடுத்த நாள் காலையில் நான் கொம்பியூட்டரில் படங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் மங்கல். மெல்லிய கோடுகளாக விழ வேண்டிய நெருப்பு தடித்துத் தடித்து, நுனியில் மட்டும் கூராகி, இதழ் இதழாகக் கிடந்தது. போகஸை வேறெங்கோ வைத்துவிட்டு, நடுவில் சந்தேகம் வந்து திருகியிருக்கிறார். முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தால், இந்த மனுசன் அதில் ஒன்றை விடியற்காலையிலேயே பேஸ்புக்கில் வேறு போட்டிருக்கிறார்.

“இதையா போட்டீங்க? உங்களுக்கென்ன கண் அவிஞ்சு போச்சா?” என்று கத்தினேன்.

“ஏன், அதுக்கு என்ன? துப்புரவாத்தானே இரிக்கு” என்றார்.

அவர் நடிக்கவில்லை. திரைக்குக் கிட்டவாக முகத்தைக் கொண்டுபோய், கண்ணைச் சுருக்கி, திரும்பவும் பார்த்தார். திரும்பவும் “துப்புரவாத்தான் இரிக்கு” என்றார்.

படத்துக்குக் கீழே ஆட்கள் எழுதித் தள்ளியிருந்தார்கள். அந்தச் சின்ன எழுத்துகளையும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒருவர் தாமரை மாதிரி இருக்கிறது என்றார். ஒருவர் களப்புக்கு மேலே பூத்த பூ என்றார். கொழும்பிலிருந்து ஒரு பெரிய கெமராக்காரர், வாணம் வெடித்து விரிகிற நேரத்தில் போகஸ் வளையத்தைத் திருகி இப்படி எடுப்பதற்குத் தனிக் கை வேண்டும் என்று புகழ்ந்திருந்தார். முதலாளியே போன் கோல் எடுத்து, அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து வரவேற்பறையில் மாட்டப்போவதாகச் சொன்னார். பாறூக் தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு அதுவே அவருடைய பாணி ஆகிவிட்டது. போகஸ் வளையத்தில் ஒரு இடத்தில் நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டார். விரல் அந்த முடிச்சில் பட்டால் தெளிவு, அங்கிருந்து விலகினால் மங்கல். வாணம் வெடிக்கும்போது மங்கலில் தொடங்கி, சொரியும்போது முடிச்சுக்குக் கொண்டுவருவார். இதழின் நுனி ஊசிபோல வரும். சிலவேளை ஆகாயத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் எடுப்பார். வரிசையாகக் கட்டிக் கிடக்கிற வள்ளங்களுக்கு நடுவில் நெருப்பு நெளிந்து நெளிந்து கிடக்கும். கற்பனை என்றால் அவருக்குக் குறைவே இல்லை, அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். கற்பனைக்குப் பின்னால் அவர் எதை ஒளிக்கிறார் என்பதுதான் என் நெஞ்சை அறுத்தது.

இருட்டிய பிறகு மோட்டார் சைக்கிள் ஓடுவதை விட்டார். கேட்டால் “ரோட்டுல மாடு நிக்கிது” என்றார். தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். ஒரு கலியாணத்தில் மணப்பெண்ணின் வாப்பாவை விட்டுவிட்டு வேறு யாரோ ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போய் ஆளை மாற்றினேன். சீனி வருத்தம், அந்த நீரிழிவு நோய், அவருக்குப் பத்து வருசத்துக்கு மேலாக இருக்கிறது. குளிசை மாத்திரையை நான் கையில் கொடுத்தால் விழுங்குவார், இல்லாவிட்டால் அது அலுமாரியில் கிடக்கும்.

கடைசியில் ஒருநாள் சண்டை பிடித்து, அழுது, சாப்பிடாமல் கிடந்து, சிலாபத்தில் ஒரு கண் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் அவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பித்தான் பேசினார்.

“உள்ளுக்குப் புதுசா ரத்தக் குழாய்கள் முளைச்சிருக்கு அம்மா. சீனியால வாறது. மெல்லிசு, எந்த நேரமும் உடைஞ்சு கண்ணுக்குள்ள ரத்தம் பரவலாம். அதுக்கு முந்தி லேசர் அடிக்கணும். அடிச்சா இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம். உடைஞ்ச பிறகு வந்தா நான் ஒண்டுக்கும் பொறுப்புச் சொல்ல மாட்டன்.”

“லேசர் அடிச்சா இரவையில பார்வை எப்பிடி?” என்று பாறூக் கேட்டார்.

டொக்டர் நேர்மையான ஆள். “இரவுப் பார்வை கொஞ்சம் குறையலாம்” என்றார். அந்த ஒரு சொல்லை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் காற்றில் போய்விட்டது. பாரம் தூக்க வேண்டாம், குனிந்து எழும்ப வேண்டாம் என்று டொக்டர் சொன்னதைக்கூட பஸ்ஸில் நான் ஞாபகப்படுத்தியபோது, “அப்பிடியா சொன்னார்?” என்றார்.

லேசருக்கு ஒரு வியாழக்கிழமை தந்தார்கள். அந்த வியாழக்கிழமையேதான் கண்டக்குழிக் கடற்கரையில் ஒரு புது ஹோட்டல் திறப்பு விழாவும் வந்து நின்றது. யுத்தம் முடிந்த பிறகு அந்தக் கரை முழுக்க ஹோட்டல்தான். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் வெள்ளைக்காரர் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வருவார்கள். திறப்பு விழாவுக்கு மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாணவேடிக்கை. ஹோட்டலின் மனேஜர் யூஜீனியா, தலவில பக்கத்துப் பிள்ளை, கெட்டிக்காரி, தானே ஸ்டூடியோவுக்கு வந்து, அண்ணன் முறையில் அவரை ‘நானா’ என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

“நானா, எனக்கு வேற யாரும் வேணாம். அந்தக் கலியாணத்துல எடுத்தீங்களே, அதே மாதிரி பூவா வேணும். படத்த ஹோட்டல் வாசல்ல சுவர் நிறைய அடிக்கப் போறம்.”

அவள் போனதும் நான் கதவைச் சாத்தினேன்.

“வியாழக்கிழமை லேசர்” என்றேன்.

“தெரியும். அடுத்த கிழமைக்கு மாத்திக் கேப்பம். ஏழு நாள்தானே.”

“அடுத்த கிழமை வரைக்கும் உங்கட கண்ணுக்குள்ள இரிக்கிற நரம்பு உங்களைக் கேட்டுட்டா உடையும்?”

“கதைக்காத புள்ள. லேசர் அடிச்சா இரவையில தெரியாது எண்டு டொக்டரே சொன்னார். பொறகு வாணம் எப்பிடி எடுக்கிறது? இது ஒண்ட மட்டும் எடுத்துப்போட்டு வாறன். பொறகு நீ சொல்ற இடத்துக்கெல்லாம் வாறன்.”

“இப்ப மட்டும் என்னத்தக் கண்டு எடுக்கிறீங்க?”

அவர் லென்ஸைத் துடைக்கத் தொடங்கினார். அவ்வளவு கோபத்திலும் அந்தக் கையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் தனியாகப் போவேன் என்றார். போவார், எனக்குத் தெரியும். மட்டை பிடிக்க ஆள் இல்லாமல், இருட்டில், கடற்கரையில், கல்லிலும் கயிற்றிலும் தடுக்கிக்கொண்டு அந்த மனுசன் நிற்பதை நினைத்தால் என்னால் வீட்டில் இருக்க முடியுமா? போனால் அவருடைய பிடிவாதத்துக்குத் துணைபோகிறேன். போகாவிட்டால் அவரைக் கைவிடுகிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் குற்றவாளி. வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு, வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டே த்ரீவீலரில் ஏறினேன்.

அங்கே போய் இறங்கியதும், நான் பிடிக்க முந்தியே ஸ்டாண்டையும் பையையும் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்தார். “குடுங்க இஞ்ச” என்று பின்னால் ஓடினேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று விறுவிறுவென்று நடந்தார். என் ரத்தம் கொதித்தது.

அவர் ஸ்டாண்டை விரித்துக்கொண்டிருந்த நேரம் நான் யூஜீனியாவைத் தேடிப்போனேன். இவளிடமாவது சொல்லிவிட்டால், இவளே வேண்டாம் என்று நிறுத்திவிட்டால், பழி என்மேல் வந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். கலியாணச் சீசன் வருகிறது. பாறூக்குக்குக் கண் தெரியாது என்று கதை பரவினால் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். அதுவும் தெரிந்துதான் போனேன்.

“மிஸ், அவர்ர கண்ணு சரியில்ல” என்றேன். “உங்களுக்கிட்ட மட்டும் சொல்றன். அவரால இப்ப…”

யூஜீனியா கையில் போனும் காதில் இன்னொரு போனுமாக நின்றாள். முழுவதையும் கேட்காமல் என் தோளைத் தட்டிச் சிரித்தாள்.

“அந்தக் கண்ணுக்காகத்தானே அக்கா அவரக் கூப்பிட்டம். மத்த ஆக்கள் மாதிரி அவர் பாக்கிறதில்ல.”

அவளை யாரோ கூப்பிட்டார்கள், ஓடிவிட்டாள். நான் அந்த இடத்திலேயே நின்றேன். இன்னொரு தடவை பின்னால் போய்ச் சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை.

திரும்பி வந்தபோது பாறூக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். புகை கெமரா பக்கம் வராமல் இருக்க எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காதில் படுகிற காற்றை வைத்தே பிடித்துவிடுவார். கரையில் இழுத்து விட்டிருந்த இரண்டு வள்ளங்களைப் படத்தின் அடியில் வைக்கச் சொன்னார். நான் கெமராவுக்குள் பார்த்து, இடது பக்கம், இன்னும் கொஞ்சம், சரி என்று சொன்னேன். கொஞ்ச நாளாக இந்த வேலையும் என்னிடம்தான்.

“வானம் இன்னும் நீலமா இரிக்கா?” என்றார்.

“இரிக்கு.”

“கறுத்தா சொல்லு. நீலத்துல விட்டாத்தான் வடிவு.”

ஹோட்டல்காரர்கள் சரியாக அந்த நேரத்துக்கே தொடங்கினார்கள். ‘தும்’ என்றது. பாறூக்கின் பெருவிரல் கெமராவில் செருகிய வயரில் இருந்த பட்டனை அமத்தியது. வாணம் கடலுக்கு மேலே போய் வெடித்தது. அவருடைய மற்றக் கை நூல் முடிச்சைத் தேடி மெதுவாக வளையத்தைத் திருகியது. நான் எண்ணி, மட்டையைப் போட்டேன். திரும்பத் ‘தும்’. எடுத்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த வேலையில் எங்களைப்போல ஒரு சோடி கிடையாது. ஒரு வார்த்தை பேசாமல் அவர் கை ஆடும், என் கை ஆடும். கதிரைகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அவர்களுடைய முகங்கள் சிவந்தும் பச்சையாகவும் மாறிக்கொண்டிருந்தன. அவ்வளவு பயத்தோடு வந்த நான்கூட ஒரு கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். அடுத்த கிழமை எப்படியும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று மனம் தன்பாட்டில் சமாதானம் சொல்லிக்கொண்டது.

முடிவில் எல்லா வாணங்களையும் ஒன்றாக விட்டார்கள். கடலும் கரையும் வெளிச்சமாகி, பிறகு இருண்டது. எல்லாரும் கைதட்டினார்கள். காற்று புகையைத் தென்னந்தோப்புப் பக்கம் அள்ளிக்கொண்டு போனது. நான் லென்ஸுக்கு முன்னால் மட்டையைப் பிடித்தேன்.

“முடிஞ்சுது” என்றேன்.

“எடு அத. இன்னும் முடியல.”

“முடிஞ்சு போச்சு. ஆக்கள் எழும்பிறாங்க.”

“எடு எண்டு சொல்றன்! கடைசியா ஒண்டு விட்டிரிக்கான். ‘தும்’மே கேக்கல, சத்தமில்லாமப் போய்ட்டுது. கறுப்பு, ஸுல்பிகா, கறுப்பா வெடிச்சிரிக்கு! நூல் நூலாக் கொட்டுது. இப்பிடி ஒண்ட நான் என்ட வாழ்நாள்ள காணல. கெதியா எடு!”

நான் நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் ஒன்றுமே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். மேலே பார்த்துக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்து, அப்படி ஒரு சந்தோசத்தோடு நின்றார். எங்கள் கலியாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை நான் கண்டதில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆம் என்று சொல்லவும் முடியவில்லை.

பாறூக்கின் பெருவிரல் பட்டனை விட்டதும் கெமராவின் பின்பக்கத் திரையில் படம் விழுந்தது, அதற்குள் யூஜீனியா ஓடிவந்து அதைப் பார்த்துக் கத்தினாள்.

“நானா! அச்சாவா வந்திரிக்கு! அதே பூ! அதவிட நல்லா!”

பாறூக் சிரித்துக்கொண்டே அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணைக் கசக்கினார். சட்டை நுனியால் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உன்ட மொகத்துலயும் கொட்டுது” என்றார்.

“என்ன நானா, புகை அடிச்சிட்டுதா?” என்று யூஜீனியா கேட்டாள். “தண்ணி கொண்டுவரச் சொல்லவா?”

நான் பாறூக்கின் கையிலிருந்த வயரை வாங்கப் பார்த்தேன், விரல்கள் விடமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

“ஒரு கண்ண மூடிப் பாருங்க” என்றேன்.

மூடினார். பிறகு மற்றதை மூடினார்.

“இதுல கறுப்பு நூல். இதுல…” கையை நீட்டி எதையோ விலக்கப் பார்த்தார். “இதுல சிவப்பா ஒரு சீலை தொங்கிற மாதிரி இரிக்கு. அப்ப வானத்துல ஒண்டும் இல்லையா?”

“இல்ல.”

மணலில் குந்தி இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஹோட்டல் பக்கம் பாட்டுப் போட்டார்கள். எனக்கு எல்லார்மேலும் ஆத்திரம் வந்தது. தாமரை என்று எழுதியவர்கள்மேல், தனிக் கை என்று புகழ்ந்தவர்மேல், திரையைப் பார்த்துத் துள்ளிக்கொண்டு நிற்கிற இந்தப் பிள்ளைமேல். எல்லாரையும்விட இந்த மனுசன்மேல்தான் அதிகம். ஆனால் அவர் என் கையைத் தடவித் தேடிப் பிடித்தபோது ஆத்திரம் இருந்த இடம் தெரியவில்லை. நான் அழுதேன், சத்தம் வராமல் அழுதேன்.

“ஸுல்பிகா” என்றார். “நாளைக்குக் காலமையே சிலாபத்துக்குப் போவம். லேசர் அடிப்பம். இரவையில தெரியாட்டியும் பரவாயில்ல. அடிச்சா சரியாயிடும்தானே?”

இத்தனை நாளும் நான் கெஞ்சியும் கத்தியும் வராத சொல்லை அவராகவே சொல்லிவிட்டார். உடைந்த பிறகு வந்தால் பொறுப்பில்லை என்று டொக்டர் சொன்னது என் காதுக்குள் கேட்டது.

“ஓம்” என்றேன். “சரியாயிடும்.”

எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் முகம் காட்டிக் கொடுத்துவிடும், அவர் ஒரு பார்வையிலேயே பிடித்துவிடுவார். அன்றைக்கு என் முகம் இருக்கிற பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிவிட்டார்.